வைரஸின் பாடபேதங்கள்

1987-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட கரோலினா மாநிலத்திலும், அதையடுத்துப் பன்றி வளர்ப்பையே பெருந்தொழிலாகக் கொண்ட அயோவா, மினசோட்டா முதலிய மாநிலங்களிலும், பண்ணைக்காரர்கள் அதற்கு முன் கண்டும் கேட்டுமிராத ஒரு துன்பம் தலைகாட்டியது. பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாள். அதில் கடைசி மாதத்தை எட்டி, இன்றோ நாளையோ ஈன்றுவிடும் என்று எதிர்பார்க்கப்பட்ட தாய்ப்பன்றிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கருவைச் சிதைத்தன. நாள் நிறைந்து ஈன்றவற்றின் ஈற்றிலும், கருப்பையிலேயே உலர்ந்து கருத்துச் சுருங்கிப் போன பிண்டங்களும், உயிரின்றிப் பிறந்தவையும், பிறந்து முலை பற்றவும் சக்தியற்று ஓரிரு நாளில் மடிந்தவையுமே மிகுதியாக இருந்தன. தப்பிய குட்டிகளோ மூச்சு வாங்கி இளைத்தன. இவ்வளவு நாசத்துக்குப் பிறகும் நோய்க்கிருமி எதுவென்று ஒருவராலும் காட்ட முடியவில்லை. அக்காலத்தில் பன்றிகளுக்கு வருவதாகத் தெரிந்திருந்த கிருமிகள் அத்தனையையும் ஆராய்ச்சிச் சாலைகளில் தேடிப் பார்த்துச் சலித்தவர்கள், கடைசியில் அதற்கு ‘பன்றிகளின் மர்ம நோய்’ என்றே பெயரிட்டு வைத்தார்கள்.

மூன்று ஆண்டு கழித்து, 1990-இன் இறுதியில், அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் ஜெர்மனியின் மூன்ஸ்டர் வட்டாரத்தில் இதே காட்சி தோன்றியது. 1991-இன் தொடக்கத்தில் அது ஹாலந்துக்குள் புகுந்து, சில மாதங்களில் அந்நாட்டுப் பண்ணைகளில் பெரும்பகுதியைச் சுற்றி வந்துவிட்டது. நோயுற்றவற்றுள் சிலவற்றின் காது நீலம் பாரித்தமையால் ஐரோப்பியர் அதை ‘நீலக் காது நோய்’ என்று அழைத்தனர். லேலிஸ்டாட் நகரில் அமைந்திருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் கெர்ட் வென்ஸ்வோர்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் இம்மர்மத்தை அவிழ்த்த முறை, விஞ்ஞான சரித்திரத்தில் அடிக்கடி காண்கிற ஒரு சூட்சுமத்தை உடையது. வைரஸ் என்பது உயிருள்ள செல்லுக்குள் புகுந்தாலன்றிப் பெருகமாட்டாத பொருள். ஆகையால், எந்தச் செல்லில் அதை வளர்த்துப் பார்ப்பது என்பதிலேயே தேடுவோரின் வெற்றி தோல்வி அடங்கியிருக்கிறது. ஆராய்ச்சிச் சாலைகளில் வழக்கமாகக் கையாளப்படும் செல்களில் இந்த வைரஸ் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. லேலிஸ்டாட் குழுவினரோ, பன்றியின் நுரையீரலில் தங்கி, உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் விழுங்கி அழிப்பதையே தொழிலாகக் கொண்ட பெருவிழுங்கிச் செல்களைக் கழுவி எடுத்து, அவற்றில் நோயுற்ற பன்றிகளின் திரவத்தை இட்டுப் பார்த்தார்கள். வைரஸ் செழித்து வளர்ந்தது. அவ்வாறு வளர்த்த வைரஸைச் சினைப்பன்றிகளுக்குச் செலுத்தி, அதே நோய் தோன்றுவதையும், அவற்றினின்றும் அதே வைரஸ் திரும்பக் கிடைப்பதையும் கண்டு, ராபர்ட் காக் வகுத்த நிபந்தனைகளையும் நிறைவேற்றினார்கள். உடலைக் காக்கும் காவற்செல்லையே தனக்கு உறைவிடமாக்கிக் கொண்ட வைரஸ் இது என்னும் விஷயம் அப்போதுதான் தெரிய வந்தது.

அடுத்த ஆண்டே அமெரிக்க நிபுணர்களும் தங்கள் நாட்டு வைரஸைப் பிரித்தெடுத்து, அதற்கு வி.ஆர்.-2332 என்று எண்ணிட்டனர். சினையையும் சுவாசத்தையும் ஒருங்கே கெடுப்பதால், இரண்டையும் சேர்த்துச் சொல்லும் நீண்ட ஆங்கிலப் பெயர் ஒன்று நோய்க்கு வாய்த்தது. அதன் முதலெழுத்துக்களைக் கோத்து, உலகெங்கும் அதை பி.ஆர்.ஆர்.எஸ். என்று சொல்கிறார்கள். பண்டிதர்களுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் இன்று அதுவே வழக்காகிவிட்டபடியால் நாமும் அப்படியே சொல்வோம்.

நோய்க்குறிகள் ஒன்று, பற்றும் செல் ஒன்று, இரண்டு கண்டங்களிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தோன்றியிருக்கிறது. எனவே ஒரு கண்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கப்பலேறிப் போன ஒரே வைரஸ்தான் இது என்று எவரும் நினைப்பது இயல்பே. ஆனால் இரண்டின் மரபணு எழுத்துக்களையும் அருகருகே வைத்து வாசித்துப் பார்த்தபோது, நூறு எழுத்துக்கு அறுபது எழுத்தே ஒத்திருந்தன. மற்ற நாற்பதும் வேறுபட்டிருந்தன. மூன்று நான்கு ஆண்டுகளில், ஏன் முப்பது நாற்பது ஆண்டுகளிலும்கூட, உண்டாகக்கூடிய பேதம் அன்று இது. இக்காலத்து வகைப்பாட்டு அறிஞர்கள் இவற்றை இரண்டு தனித்தனி இனங்களாகவே கணக்கிடுகின்றனர். நெடுங்காலம் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே வளர்ந்த இரண்டு கிளைகள், ஒரு சமுத்திரத்தின் இரு கரைகளிலும், ஒரு பத்தாண்டின் எல்லைக்குள்ளே, சொல்லி வைத்தாற்போல் ஏன் வெளிப்பட்டன? இக்கேள்வியை விடுவிக்க வேண்டுமானால், இந்த வைரஸ் தன்னைத்தான் எப்படிப் பிரதி செய்துகொள்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

மனிதனின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்துக்களால் ஆனது; பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸினுடையதோ சுமார் 15,000 எழுத்துக்களே கொண்ட ஓர் ஒற்றை இழை. நம்முடையதைப் போல அது டி.என்.ஏ. அன்று, ஆர்.என்.ஏ. செல்லுக்குள் நுழைந்தவுடன் அந்த இழையே நேராக வாசிக்கப்பட்டுப் புரதங்களாக மாறுகிறது. அவ்வாறு உண்டாகும் புரதங்களுள் ஒன்றே இழையைப் பிரதி செய்யும் நொதி. நம் செல்களில் டி.என்.ஏ.வைப் பெயர்த்தெழுதும் நொதிக்குப் பின்னாலேயே, எழுதியதைச் சரிபார்த்துத் தவறான எழுத்தை நீக்கித் திருத்தும் ஏற்பாடும் இருக்கிறது. ஆர்.என்.ஏ. வைரஸ்கள் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. இதில் ஒரு விசேஷம் உண்டு. பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸுக்குத் தூரத்து உறவினரான கொரோனா வைரஸ்கள், முப்பதாயிரம் எழுத்து வரை நீண்ட இழையைச் சிதையாமல் காக்க வேண்டியிருப்பதால், பிழை திருத்தும் நொதி ஒன்றைத் தாமும் உடையனவாக இருக்கின்றன. ஆனால் பதினையாயிரம் எழுத்தோடு நின்றுவிட்ட இந்தச் சிறிய கிளைக்கு அந்த நொதி இல்லை. ஆகவே, பதினாயிரம் முதல் லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை என்கிற ஆர்.என்.ஏ. வைரஸ்களின் பொதுக் கணக்குப்படி பார்த்தாலும், புதிதாக உண்டாகும் பிரதிகளில் பலவற்றில் ஏதேனும் ஒரு பிழை விழவே செய்யும். நோயுற்ற ஒரு பன்றியின் உடலில் ஒரு நாளில் பிறக்கும் பிரதிகளோ எண்ணத் தொலையாதவை. ஒரு பன்றிக்குள் இருப்பது ஒரு வைரஸ் என்று சொல்வதைவிட, சிறு சிறு வேற்றுமையுடைய ஒரு கூட்டம் என்று சொல்வதே உண்மைக்கு அணித்தானது.

பழைய ஏடுகளைப் பரிசோதித்து நூல் பதிப்பித்தவர்கள் இந்த நிலைமையை நன்கு அறிவார்கள். ஒருவர் எழுதிய ஏட்டைப் பார்த்து மற்றொருவர் பெயர்த்தெழுத, அதைப் பார்த்து இன்னொருவர் எழுத, ஒவ்வொரு கையிலும் ஓர் எழுத்து மாறியும், ஒரு சொல் விழுந்தும், ஓர் அடி இடம் பெயர்ந்தும் பாடபேதங்கள் பெருகுகின்றன. ஆனால் அப்பேதங்களே பதிப்பாசிரியனுக்கு வழிகாட்டியும் ஆகின்றன. எந்த இரண்டு ஏடுகள் ஒரே பிழையைப் பகிர்ந்துகொள்கின்றனவோ, அவை ஒரே மூலப் பிரதியிலிருந்து வந்தவை என்று அவன் ஊகிக்கிறான்; அவ்வாறு ஊகித்து, எந்த ஏடு எதற்குத் தாய், எது எதற்குச் சகோதரம் என்று ஒரு வமிசவிருட்சத்தையே வரைந்துவிடுகிறான். வைரஸின் பரிணாமத்தை ஆராய்கிறவர்கள் செய்வதும் இதுவேதான். வேற்றுமை ஒன்று உண்டு. ஏட்டில் விழுந்த பிழையால் நூலுக்கு ஒரு நன்மையும் இல்லை. வைரஸில் விழுந்த பிழைகளில் பெரும்பாலானவை அதற்குக் கேடாக முடிந்தாலும், சில பிழைகள் அதற்கு ஆயுளாக அமைந்துவிடுகின்றன.

அத்தகைய பிழை எங்கே விழுகிறது என்பதைச் சற்று நின்று பார்ப்போம். வைரஸின் புற உறையில் ஜி.பி.-5 என்று குறிக்கப்படும் ஒரு புரதம் இருக்கிறது. சுமார் 200 அமினோ அமிலங்களே கொண்டது. பன்றியின் உடல் உற்பத்தி செய்யும் எதிர்ப்பொருள்கள் வைரஸைப் பற்றி முடக்கும் இடங்களுள் ஒன்று இப்புரதத்தில் உள்ளது. அந்த இடத்தை ஒட்டி, சர்க்கரை மூலக்கூறுகள் கொத்தாக வந்து ஒட்டிக்கொள்ளும் முளைகள் சில இருக்கின்றன. ஓர் எழுத்து மாறினால் அம்முளை ஒன்று புதிதாகத் தோன்றும். வேறோர் எழுத்து மாறினால் இருப்பது மறையும். சர்க்கரைக் கொத்து கூடினால் எதிர்ப்பொருளுக்கு அவ்விடம் எட்டாமல் போகிறது. ஆகவே, எதிர்ப்புச் சக்தி பெற்ற மந்தைகளில், கவசம் கூடிய வைரஸ் பிழைத்துத் தன் சந்ததியைப் பெருக்க, கவசம் குறைந்தது அற்றுப்போகிறது. வைரஸ் சிந்தித்துச் செய்வதாக இதில் ஒன்றும் இல்லை. பிழைகள் கண்மூடித்தனமாக விழுகின்றன. எது நிலைப்பது என்பதைப் பன்றியின் உடலே தீர்மானிக்கிறது. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு, யுகக்கணக்கில் அல்லாமல் மாதக்கணக்கில், நம் கண்ணெதிரே நடக்கிறது.

இதற்குத் துணையாக வேறு இரண்டு குணங்களும் இந்த வைரஸுக்கு உண்டு. ஒன்று, தீர்க்காயுள். நோய் நீங்கி, பன்றி நன்றாகத் தின்று கொழுத்துத் திரியும்போதும், அதன் தொண்டைச் சதையிலும் நிணநீர்க் கணுக்களிலும் வைரஸ் ஐந்து மாதம் வரையில் பதுங்கிக் கிடந்ததைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. உடலுக்கு முதல் எச்சரிக்கை தரும் இன்டர்ஃபெரான் என்னும் பொருளின் உற்பத்தியை வைரஸ் அடக்கிவிடுவதாலும், முடக்கவல்ல எதிர்ப்பொருள்கள் பல வாரம் கழித்தே தோன்றுவதாலும், பிரதிமேல் பிரதி எழுதிப் பிழைமேல் பிழை குவிக்க அதற்கு நிரம்ப அவகாசம் கிடைக்கிறது. மற்றொன்று, மறுசேர்க்கை. ஒரே இனத்தைச் சேர்ந்த இரு வேறு வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் புகுந்துவிட்டால், பிரதி செய்யும் நொதி ஓர் இழையில் பாதி வரை வாசித்துவிட்டு, நடுவிலே மற்ற இழைக்குத் தாவி மீதியை வாசித்து முடிப்பதுண்டு. அப்படிப் பிறக்கும் சந்ததி, முன்பாதி ஒருவருடையதும் பின்பாதி மற்றவருடையதுமான கலப்பு. தனித்தனிப் பிழைகளால் பல்லாண்டில் வரக்கூடிய மாறுதல் இவ்வழியில் ஒரே இரவில் வந்துவிடுகிறது.

இப்போது நம் பழைய கேள்விக்குத் திரும்பலாம். பிழைகள் ஓரளவு ஒழுங்கான வேகத்தில் சேர்கின்றன என்று வைத்துக்கொண்டால், இரண்டு வைரஸ்களுக்கிடையே உள்ள பேதத்தை அளந்து, அவை எப்போது பிரிந்தன என்று காலத்தைக் கணிக்கலாம். 2005-ஆம் ஆண்டில் இருவேறு குழுவினர் இதைச் செய்தனர். ஒரு குழுவினர், ஐரோப்பிய வைரஸுக்கும் அமெரிக்க வைரஸுக்கும் பொது மூதாதை 1880-ஐ ஒட்டி வாழ்ந்தது என்றார்கள். மற்றக் குழுவினரோ, இந்த வைரஸின் மாறுதல் வேகம் மற்ற ஆர்.என்.ஏ. வைரஸ்களினுடையதைவிட மிக அதிகம் என்று கண்டதாகச் சொல்லி, 1980-ஐ ஒட்டித்தான் அது வேறு பிராணியிலிருந்து பன்றிக்கு வந்தது என்று கணித்தார்கள். ஒரே ஏடுகளைப் பார்த்த இரு பதிப்பாசிரியர்களுக்குள் நூறாண்டு வித்தியாசம்! கணக்கைவிட வலிய சாட்சி குளிர்பெட்டிகளில் இருந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் 1979-இல் பன்றிகளிடமிருந்து எடுத்து வைத்திருந்த ரத்தநீரைப் பின்னாளில் சோதித்தபோது, அதில் இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் காணப்பட்டது. அயோவாவில் 1985-இலும், கிழக்கு ஜெர்மனியில் 1987-இலும் சேகரித்த ரத்தநீரிலும் அவ்வாறே. ஆகவே நோய் பெயர் பெறுவதற்குப் பல ஆண்டு முன்னரே வைரஸ் இரு கண்டங்களிலும் ஓசையின்றிச் சஞ்சரித்துக்கொண்டிருந்தது. முதற்கணக்கே உண்மைக்கு நெருங்கியது என்பது என் அபிப்பிராயம்.

மூதாதை எங்கிருந்து வந்தது என்பதற்கு மினசோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த பீட்டர் பிளாகமன் 2003-இல் ஓர் ஊகம் கூறினார். இந்த வைரஸுக்கு மிக நெருங்கிய உறவு, சுண்டெலியின் பெருவிழுங்கிச் செல்களில் வாழும் ஒரு வைரஸ். மத்திய ஐரோப்பியக் காடுகளில் காட்டுப்பன்றி சுண்டெலியைத் தின்னும்போது, அந்த எலி வைரஸின் ஒரு பாடபேதம் பன்றிக்குத் தாவியிருக்கலாம். 1912-இல் வேட்டைப் பிரியர்களுக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள் வட கரோலினாவின் மலைப்பகுதிக்குக் கொண்டுவந்து விடப்பட்டன. அவற்றோடு வைரஸும் சமுத்திரம் தாண்டியிருக்கலாம் என்பது அவர் வாதம். அமெரிக்காவில் நோய் முதன்முதலில் தலைகாட்டிய மாநிலங்களில் வட கரோலினா ஒன்று என்பதை நினைத்தால், இவ்வூகம் மனத்தைக் கவரத்தான் செய்கிறது. ஆனால் நிரூபணம் ஆனதன்று. போலந்து நாட்டு அறிஞர் தோமாஷ் ஸ்தாதெயெக்கும் அவர் கூட்டத்தாரும் காட்டிய ஆதாரமோ வேறு விதத்தில் வலிமையுடையது. பெலாரூஸ், லித்துவேனியா, ருஷ்யா முதலிய கிழக்கு நாடுகளிலிருந்து எடுத்த ஐரோப்பிய இன வைரஸ்களை அவர்கள் வாசித்தபோது, மேற்கு ஐரோப்பா முழுவதிலும் கண்ட பேதங்களைவிட மிகப் பலமடங்கு பேதங்கள் அங்கே இருந்தன. பாடபேதங்கள் எங்கே மிகுதியோ, அங்கேதான் நூல் நெடுங்காலம் வழங்கி வந்திருக்க வேண்டும். மேற்கே பரவியது, அந்தப் பெரிய மரத்திலிருந்து ஒடித்து நட்ட ஒரு சிறு கிளையே என்று கொள்ளலாம்.

இரண்டு கிளைகளும் ஒரே பத்தாண்டில் ஏன் வெடித்தன என்பதற்கு வைரஸிடத்தில் விடை தேடிப் பயனில்லை. நம்மிடத்திலேதான் தேட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குடும்பத்துக்குப் பத்து இருபது என்று வளர்ந்த பன்றிகள், ஒரே கூரையின்கீழ் ஆயிரக்கணக்கில் நெருக்கி அடைக்கப்பட்டன. ஒரு மாநிலத்தில் பிறந்த குட்டியை, சோளம் மலிந்த மற்றொரு மாநிலத்துக்கு லாரியில் ஏற்றிப் போய்க் கொழுக்க வைப்பது வழக்கமாயிற்று. ஒரு கிடாவின் விந்து, செயற்கைக் கருவூட்டல் முறையால், நூறு பண்ணைகளுக்குச் சென்றது. வைரஸோ விந்திலும், எச்சிலிலும், சிறுநீரிலும், ஊசி முனையிலும், லாரியின் அடித்தளத்திலும், பண்ணையாளின் காலணியிலும் பிரயாணம் செய்ய வல்லது. பிழை செய்வது வைரஸின் இயல்பு. அப்பிழைக்குப் பாதை போட்டுக் கொடுத்தது மனிதனின் வாணிபம். இதை உணராமல் வைரஸின் பரிணாமத்தை மட்டும் படிப்பது, பாதிக் கதையைப் படித்ததாகவே ஆகும்.

டென்மார்க்கில் நடந்ததை இதற்குச் சாட்சியாகக் கூறலாம். 1990-களின் நடுவில், அமெரிக்க வைரஸான வி.ஆர்.-2332-ஐக் குரங்கின் சிறுநீரகச் செல்களில் பலமுறை தொடர்ந்து வளர்த்து, வீரியம் குன்றச் செய்து, உயிருள்ள தடுப்பு மருந்தாக்கியிருந்தார்கள். ஐரோப்பிய வைரஸ் மட்டுமே வழங்கி வந்த டென்மார்க்கில், 1996-இல் அம்மருந்தைப் பன்றிகளுக்குப் போட்டார்கள். மருந்து வைரஸும் வைரஸ்தானே! அது பன்றிகளிடையே பெருகிற்று; பெருகியபோது பிழைகள் விழுந்தன; குரங்குச் செல்லில் வாழ்வதற்கு ஏற்பட்டிருந்த மாறுதல்கள் ஒவ்வொன்றாய்க் கழன்று, பன்றிக்குள் வாழ்வதற்கேற்ற பழைய எழுத்துக்கள் திரும்பின. மருந்தே போடாத பண்ணைகளுக்கும் அது பரவி, சினைப்பன்றிகள் கருச்சிதைந்தன. கிடைத்த வைரஸ்களை வாசித்தவர்களுக்கு அவை மருந்தின் சந்ததியே என்பதில் ஐயம் எழவில்லை. ஒரு நாட்டில் இல்லாத இனத்தை நோய் தடுக்கும் நல்லெண்ணத்தோடு நாமே குடியேற்றிய கதை இது. அதே நாட்டில் 2019-இல், ஐரோப்பிய இனத்தைச் சேர்ந்த இரண்டு வெவ்வேறு உயிர்த் தடுப்பு மருந்துகளின் வைரஸ்கள் எங்கோ ஒரு பன்றியில் சந்தித்து, முன்பு சொன்னபடி மறுசேர்க்கையால் ஒரு கலப்பு வைரஸாகி, கிடாக்களை வைத்து விந்து சேகரிக்கும் நிலையம் ஒன்றில் புகுந்தது. அதன் விந்து சென்ற பண்ணைகளிலெல்லாம் நோயும் சென்றது.

இதனால் தடுப்பு மருந்தே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. நோயின் கடுமையையும் குட்டிகளின் சாவையும் அம்மருந்துகள் குறைத்திருக்கின்றன. அவையின்றிப் பல நாடுகளில் பன்றிப் பண்ணைகள் நடக்கவே மாட்டா. ஆனால் உயிருள்ள வைரஸை மந்தைக்குள் விடுகிறவர், அது தம் பேச்சைக் கேட்டு, எழுதிய எழுத்தோடு நிற்கும் என்று எண்ணிவிடலாகாது.

சீனத்துக் கதை இதைவிடப் பயங்கரமானது. ஆராய்ச்சியாளருக்கு ஒரு நல்ல படிப்பினையும் அதில் இருக்கிறது. அமெரிக்க இன வைரஸ் அந்நாட்டில் 1996 முதலே அறியப்பட்டிருந்தது. 2006-ஆம் ஆண்டில் ஜியாங்சி மாகாணத்தில் தொடங்கி, பன்றிகள் கடுஞ்சுரம் கண்டு, உடல் சிவந்து, காது நீலம் பாரித்து மடியலாயின. குட்டிகள் மட்டுமல்ல, வளர்ந்த பன்றிகளும் மடிந்தன. சில மாதங்களில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் நோயுற்று, ஏறத்தாழ நான்கு லட்சம் இறந்ததாக ஆராய்ச்சியாளர் பதிவு செய்தனர். வைரஸை வாசித்துப் பார்த்தபோது, என்.எஸ்.பி.-2 என்னும் புரதத்தில் ஓரிடத்தில் ஒன்றும் வேறோரிடத்தில் இருபத்தொன்பதுமாக முப்பது அமினோ அமிலங்கள் விடுபட்டிருந்தன. நோயுற்ற மந்தைகளிலெல்லாம் இதே அடையாளம். எனவே இந்தக் குறைபாடே வைரஸின் கொடுமைக்குக் காரணம் என்று பலரும் நம்பியதில் வியப்பில்லை. ஆனால் பெய்ஜிங்கில் உள்ள சீன வேளாண்மைச் சர்வகலாசாலையார் அவ்வளவில் திருப்தியடையவில்லை. வைரஸின் மரபணுவை ஆராய்ச்சிச் சாலையிலேயே கட்டி, விடுபட்ட முப்பதை மீண்டும் இட்டும், சாதுவான வைரஸிலிருந்து அதே பகுதியை மாற்றி வைத்தும் பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். கொடியது கொடியதாகவே இருந்தது. சாது சாதுவாகவே இருந்தது. அவர்கள் 2009-இல் வெளியிட்ட முடிவின்படி, முப்பது அமினோ அமிலங்களின் குறை அந்த வமிசத்தைக் கண்டுகொள்ள உதவும் மச்சமே தவிர, அதன் நஞ்சு அன்று. பின்பு 2014-இல் அவர்களே, இழையைப் பிரதி செய்யும் வேலையில் ஈடுபட்ட என்.எஸ்.பி.-9, என்.எஸ்.பி.-10 என்னும் இரு புரதங்களில் அக்கொடுமையின் வேர் இருப்பதைக் காட்டினார்கள். ஒன்றோடு ஒன்று கூடவே காணப்படுவது வேறு, ஒன்றுக்கு ஒன்று காரணமாவது வேறு என்பதை இவ்வளவு தெளிவாக மெய்ப்பித்த பரிசோதனைகள் சிலவே.

அக்கொடிய வைரஸ் 2007-இல் வியட்நாமை அடைந்து, தென்கிழக்கு ஆசியா முழுவதும் பரவியது. 2013-இல் நம் நாட்டின் வடகிழக்கு எல்லையிலுள்ள மிசோரம் மாநிலத்தில் பன்றிகள் பெருவாரியாக மடிந்தபோது, இந்தியாவில் பி.ஆர்.ஆர்.எஸ். முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது. அந்த வைரஸின் எழுத்துக்களும் சீன வமிசத்தையே சுட்டின. அப்பகுதி மக்களின் உணவிலும் சடங்கிலும் சேமிப்பிலும் பன்றிக்கு உள்ள இடத்தை அறிந்தவர்களுக்கு, ஒரு குடும்பத்தின் இரண்டு பன்றிகள் மடிவது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. சீனத்திலோ கதை அதோடு நிற்கவில்லை. 2008-இல் அமெரிக்காவில் பிரித்தெடுக்கப்பட்ட ஒரு வைரஸை ஒத்த மற்றொரு வமிசம் சில ஆண்டுகளில் அங்கே வந்து சேர்ந்து, பழைய கொடிய வைரஸோடும் தடுப்பு மருந்து வைரஸ்களோடும் மறுசேர்க்கை செய்து, இன்றுவரை புதுப்புதுக் கலப்புகளை ஈன்றுகொண்டிருக்கிறது.

அமெரிக்காவிலும் சில ஆண்டுக்கு ஒருமுறை ஒரு புது வமிசம் எழுந்து பழையதைத் தள்ளிவிட்டு ஓங்குவது வழக்கமாகிவிட்டது. 2020-இன் இறுதியில் மினசோட்டாவின் தெற்கிலும் அயோவாவின் வடக்கிலும் எழுந்த ஒன்று, அடக்கமாக இருந்த பண்ணைகளையும் மீண்டும் கலக்கியது. இந்நோயால் அந்நாட்டுக்கு உண்டாகும் நஷ்டம் ஆண்டுக்கு 66.4 கோடி டாலர் என்று 2013-இல் வெளியான மதிப்பீடு கூறியது. 2016 முதல் 2020 வரையிலான ஆண்டுகளுக்கு அயோவா ஸ்டேட் சர்வகலாசாலையார் போட்ட கணக்கோ, ஆண்டுக்கு 120 கோடி டாலர் என்கிறது. முப்பதாண்டு காலத்து மருந்தும் ஆராய்ச்சியும் கையில் இருக்கும்போதே நஷ்டம் ஏறிற்று என்பது கவனிக்கத் தக்கது.

வைரஸின் எழுத்தைத் துரத்திப் பிடிக்க முடியாதென்றால், பன்றியின் எழுத்தை மாற்றிவிடலாமே என்று சிலர் யோசித்தனர். வைரஸ் பெருவிழுங்கிச் செல்லுக்குள் புகுவதற்கு ஓர் ஏற்பி வேண்டும். அது சியலோஅட்ஹெசின் என்னும் புரதம் என்று நெடுநாள் கருதப்பட்டது. ஆனால் 2013-இல் அப்புரதமே இல்லாத பன்றிகளை உண்டாக்கிப் பார்த்தபோது, வைரஸ் அவற்றையும் வழக்கம்போல் பற்றியது. பிறகு மிசூரி சர்வகலாசாலையின் ராண்டல் பிரேதரும் அவர் தோழர்களும் சி.டி.-163 என்னும் மற்றொரு புரதத்தின் மரபணுவை முடக்கினார்கள். அப்பன்றிகளுக்கு வைரஸை நேராகச் செலுத்தியும், நோயுற்ற பன்றிகளோடு ஒரே கொட்டிலில் அடைத்தும் நோய் ஒட்டவில்லை. ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆராய்ச்சி நிலையத்தார் இன்னும் நுட்பமாக, அப்புரதத்தில் வைரஸ் பற்றும் சிறு பகுதியை மட்டும் நீக்கி, அதன் மற்றப் பணிகளைக் கெடாமல் வைத்து, அதே பலனைக் கண்டார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இவ்வாறு மரபணு திருத்திய பன்றிகளை உணவுக்கு அனுமதித்தது. நூறு மருந்துகளால் ஆகாததை ஓர் எழுத்துத் திருத்தம் செய்துவிட்டதாக மகிழ்வது நியாயமே. இருந்தாலும், அத்தகைய பன்றிகளை வாங்கச் சக்தியுள்ளவை பெரும் பண்ணைகளே. மிசோரத்து மலைச்சரிவில் இரண்டு பன்றி வளர்க்கும் குடும்பத்துக்கு அது எப்போது எட்டும் என்று எவரும் இன்று சொல்வதற்கில்லை.

அதுவரையில் கையில் இருப்பது பழைய வழியே: வைரஸுக்குப் பாதையை அடைப்பது. 2007-இல் சுவீடனுக்குள் நோய் நுழைந்தபோது, அந்நாட்டார் நோயுற்ற மந்தைகளைத் தயங்காமல் அழித்து, மேலும் பரவுமுன் தடுத்துவிட்டார்கள். சுவீடனில் அது புதிதாக வந்த விருந்தாளி; ஹங்கேரியிலோ பல்லாண்டு குடியிருந்தது. அங்கே 2014-இல் நாடு தழுவிய திட்டம் வகுத்து, வட்டாரம் வட்டாரமாகப் பன்றிகளின் ரத்தத்தைச் சோதித்து, நோயுள்ள பண்ணைகளைப் பெரும்பாலும் முற்றாகக் காலி செய்து, கழுவி, நோயற்ற இடங்களிலிருந்து மட்டும் புதுப் பன்றிகளை வாங்கி நிரப்பினார்கள். வெளிநாட்டிலிருந்து இறக்கும் குட்டிகளையும் தனியே வைத்துச் சோதித்த பிறகே சேர்த்தார்கள். பெரிய பண்ணைகளும் சிறிய பண்ணைகளும் இதற்கு ஒத்துழைத்தன. 2022-இல் ஹங்கேரியின் பன்றி மந்தைகள் பி.ஆர்.ஆர்.எஸ். நோயற்றவை என்று அறிவிக்கப்பட்டன.